நாலு வாயு மீற்றர்: பதினாலு மாதம் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்த பிறகு

மஞ்சள் நிறம். சவர்க்காரக் கட்டி இரண்டை அடுக்கி வைத்த பருமன். முதுகில் ஒரு கிளிப், தலையில் காற்றை இழுக்க ஒரு குட்டிப் பம்ப். ஒட்சிசன், காபன் மொனொக்சைட், ஐதரசன் சல்பைட், எரியக்கூடிய வாயு என்று நாலையும் ஒரே திரையில் காட்டும். சீனாவில் செய்தது. இதே உடம்பை நாலைந்து பெயரில் இணையத்தில் விற்கிறார்கள், அதனால் பெயரைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. இருபது அடி ரியூப்போடு வீட்டுக்கு வந்து சேர எனக்கு 38,000 ரூபாவும் சில்லறையும் முடிந்தது.

வாங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. அதற்குள் முப்பத்தொரு கிணறு, பதினொரு மலக்குழி, திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்த் தண்ணீர்த் தாங்கி. இவ்வளவு தூரம் பழகின பிறகு எழுதினால்தான் அது விமர்சனம். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை எனக்கு விளங்குவதில்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிணறு இறைக்கிறவனுக்கு இது எதற்கு என்று நினைப்பீர்கள். 2014இல் கட்டார் நாட்டு டோகாவுக்குப் போனேன், மெட்ரோ ரயில் சுரங்க வேலைக்கு. போன முதல் வருடம் சீமெந்துப் பக்கம். அப்புறம் ஆங்கிலம் வாசிப்பேன் என்பதற்காகக் கையில் ஒரு வாயு மீற்றரைத் தந்து ‘காஸ் செக்’ ஆளாக நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் அந்த நகரத்துக்குக் கீழே 21 துளை இயந்திரங்கள் ஒரே சமயத்தில் குடைந்துகொண்டிருந்தன, அது கின்னஸ் சாதனை. எனக்கு அந்தப் பெருமையை விடப் பெரிதாகத் தெரிந்தது தலைக்கு மேலே தொங்கின மஞ்சள் குழாய்தான். மேலேயிருந்து சுரங்கத்துக்கு இறங்குகிற செங்குத்துக் குழியின் வாயில் இருக்கிற ராட்சத விசிறியிலிருந்து சுரங்கத்தின் கூரையோடு கூரையாகக் கிலோமீற்றர் கணக்கில் ஓடி, இயந்திரம் நிற்கிற முகப்பு வரைக்கும் வெளிக்காற்றைக் கொண்டுவரும் துணிக்குழாய். ஒரு ஆள் குனிந்து உள்ளே நடக்கலாம், அவ்வளவு அகலம். காற்று வரும்போது மலைப்பாம்பு மாதிரி உப்பி நிற்கும். விசிறி நின்றால் இரண்டு நிமிடத்தில் தொளதொளவென்று சரியும். அது சரிகிறதைக் கண்டால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. டீசல் எஞ்சின் எல்லாம் நிற்கும், சனம் வெளியே நடக்கும்.

மணிக்கு ஒரு தரம் நாலு வாயுவையும் அளந்து பலகையில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைப்பது என் வேலை. முகப்பில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, அங்கேதான் குழாய் வந்து ஊதுகிறதே. பிரச்சினை இரண்டு சுரங்கத்துக்கும் நடுவில் வெட்டுகிற குறுக்குப் பாதையிலும், ஆகத் தாழ்வான இடத்தில் தண்ணீர் சேர்கிற பம்ப் குழியிலும்தான். பெரிய காற்று அந்த மூலைகளைத் தொடாமல் பக்கத்தால் போய்விடும். ஐம்பது அடி தள்ளி எல்லாம் நன்றாக இருக்கும், குழிக்குள் குனிந்தால் மீற்றர் கத்தும்.

2019 மே மாதம் முதல் ரயில் ஓடியது. ஒரு தரம் பயணியாக ஏறிப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். மேடையில் கண்ணாடிக் கதவு போட்டிருப்பதால் ரயில் வரும்போது முகத்தில் காற்று அடிக்கவில்லை, அதில் எனக்குச் சின்ன ஏமாற்றம். ரயில் சுரங்கத்துக்குள் ஓடும்போது ஊசிக்குள் தள்ளுகிற தண்டு மாதிரி முன்னால் உள்ள காற்றைத் தள்ளி, பின்னால் உள்ளதை இழுத்து வரும். சாதாரண நாளில் காற்றோட்டத்தில் ஒரு பங்கு அதுதான்.

இங்கே என் மச்சான் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர். கூடவே கிணறு இறைத்துச் சேறு எடுக்கிற வேலையும் பிடிப்பார். திருகோணமலையில் கடலோரத்துக் கிணறுகள் ஆழம் குறைவு, பத்துப் பன்னிரண்டு அடியில் தண்ணீர். உள்ளுக்குப் போகப் போக, கன்னியாப் பக்கம், ஆண்டான்குளம் பக்கம் ஆழம் கூடும். நான் மீற்றர் வாங்கப் போகிறேன் என்றதும் மச்சான் சிரித்தார். “உதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு. அப்பா அரிக்கன் லாம்பு இறக்கித்தான் பாத்தவர்.”

லாம்பு கெட்ட யோசனை என்று நான் சொல்லமாட்டேன், அந்தக் காலத்துக்கு அது பெரிய புத்தி. ஆனால் சுடர் அணைவது ஒட்சிசன் 16, 17 வீதத்துக்கு இறங்கின பிறகுதான். ஆளைக் கொல்கிற அளவுக்குக் காபன் மொனொக்சைட் இருந்தாலும் லாம்பு அழகாக எரியும். மெதேன் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், நெருப்புக் குச்சியை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி.

சரி, மீற்றருக்கு வருவோம்.

முதல் நாள் பாலையூற்றில் ஒரு வளவு. மேலே சீமெந்துத் தட்டுப் போட்டு மூடி, நாலைந்து வருடம் பாவிக்காத கட்டுக் கிணறு. தண்ணீர் 18 அடியில். தட்டைக் கொஞ்சம் நகர்த்தி ரியூப்பை மட்டும் இறக்கினேன். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் வந்து நின்று, “என்ன தம்பி, கிணத்துக்குப் பிறஷரோ பாக்கிறியள்?” என்று கேட்டார்.

“ஓம் அன்ரி, மூச்சு வருதோ எண்டு பாக்கிறன்.”

கிணற்றின் வாயில் ஒட்சிசன் 20.9 வீதம், வெளிக்காற்றின் அளவு. பத்தடியில் 19.8. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே 15.6, அலாரம் அடிக்கத் தொடங்கிவிட்டது. மற்ற மூன்றும் பூச்சியம். மீற்றர் காட்டுகிற விஷ வாயு ஒன்றும் இல்லை, உள்ளே விழுந்த இலையும் குப்பையும் அழுகி ஒட்சிசனைத் தின்று காபனீரொட்சைட்டை விட்டிருக்கிறது. அது காற்றை விட ஒன்றரை மடங்கு பாரம், அடியில் போய்ப் படுத்துவிடும். நாற்றம் இல்லை, நிறம் இல்லை. குனிந்து பார்த்தால் தெளிந்த தண்ணீரில் நம் முகம்தான் தெரியும். மச்சானின் பொடியன் அரைக் காற்சட்டையோடு இறங்கத் தயாராக நின்றவன். லாம்பு விட்டிருந்தால் தண்ணீருக்குக் கிட்ட அணைந்திருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு லாம்பும் இல்லை, கயிறு மட்டும்தான் கொண்டு வந்திருந்தார்கள்.

அந்த ஒரு ரீடிங்கில் மச்சான் வாயை மூடிக்கொண்டார். இந்தப் பெட்டியின் ஆகப் பெரிய நன்மை இதுதான். வாயால் சொன்னால் கேட்காதவன் எண்ணைக் கண்டால் கேட்கிறான்.

இனிக் குறைகள்.

இதில் காபனீரொட்சைட்டுக்குச் சென்சர் இல்லை. விளம்பரத்தில் இதை எவனும் சொல்லமாட்டான். ஒட்சிசன் குறைவதை வைத்து ஊகிக்கலாம் என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேறொரு வாயு வந்து காற்றைத் தள்ளினால், ஒட்சிசன் 20.9இலிருந்து 19.9க்கு இறங்குவதற்கே அந்த வாயு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் நுழைந்திருக்க வேண்டும். காபனீரொட்சைட் நாலு பங்கு இருந்தாலே அந்த இடம் உயிருக்கு ஆபத்தான இடம் என்று கணக்கு. மீற்றரின் அலாரமோ 19.5இல்தான் அடிக்கும். அதாவது ஆபத்து வந்து உட்கார்ந்த பிறகும் பெட்டி பச்சை விளக்கோடு சும்மா இருக்கலாம். அதனால் நான் அலாரத்தை நம்புவதில்லை. 20.5க்குக் கீழே எந்த எண் கண்டாலும் ஊதாமல் ஒருவரையும் இறக்குவதில்லை என்று எங்களுக்குள் ஒரு சட்டம்.

அடுத்தது இன்னும் மோசம். எரியக்கூடிய வாயுவைப் பார்க்கிற சென்சர் ஒரு சின்னச் சூடான மணி. வாயு அதில் பட்டு எரிகிற சூட்டை வைத்துத்தான் அளவு சொல்லும். அது எரிய ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் நன்றாகக் குறைந்த குழியில் மெதேன் இருந்தாலும் அது குறைவாகத்தான் காட்டும். ஆகவே முதலில் ஒட்சிசன் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை நம்ப வேண்டும். இதோடு அந்த மணிக்குச் சிலிக்கன் ஆகவே ஆகாது. ஏழாம் மாதம் மச்சானின் பட்டறையில், பம்பின் ரப்பருக்கு சிலிக்கன் ஸ்ப்ரே அடிக்கிற மேசையில் மீற்றரை ஓன் பண்ணியபடி வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு மலக்குழியில் இறக்கினால் எரிவாயு பூச்சியம். குழியில் குமிழி பொங்குகிறது, மீற்றர் பூச்சியம் என்கிறது. சந்தேகம் வந்து லைட்டரைப் பற்றவைக்காமல் வாயுவை மட்டும் கிட்டத்தில் விட்டுப் பார்த்தேன். அப்போதும் பூச்சியம். (லைட்டர் வாயுவை இப்படி விடுவதே சென்சரைக் கெடுக்கும். டோகாவில் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.) செத்த சென்சர் செத்தேன் என்று சொல்லவில்லை. நல்ல காற்றிலும் பூச்சியம், செத்த சென்சரிலும் அதே பூச்சியம்.

சுரங்கத்தில் இதற்காகத்தான் காலை வேலைக்கு முன் ஒவ்வொரு மீற்றருக்கும் பரிசோதனை வாயு காட்டுவோம். கையடக்கச் சிலிண்டருக்குள் அளவு தெரிந்த கலவை. காபன் மொனொக்சைட் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு), ஐதரசன் சல்பைட் 25, அப்படி. ஐந்து செக்கன் காட்டுவோம், நாலும் கத்தினால்தான் மீற்றரை இடுப்பில் கொழுவலாம். திருகோணமலையில் அந்தச் சிலிண்டரைத் தேடி நான் என்.சி. வீதி முழுக்க அலைந்தேன். வெல்டிங் காஸ் விற்கிறவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். கடைசியில் கொழும்பில் ஒரு கடை சென்சரை மாற்றித் தருவதாக வாங்கி வைத்து, ஆறு வாரம் இழுத்து, தொலைபேசிக்கும் பதில் சொல்லாமல், பிறகு மீற்றரின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தது. அந்த ஆறு வாரமும் நாங்கள் மூடின கிணறு ஒன்றும் எடுக்கவில்லை. சிலிண்டர் இல்லாத நாளில் நான் செய்கிற நாட்டு வைத்தியம், மூச்சைப் பிடித்து வைத்து அந்த மூச்சை மீற்றரின் மூக்கில் விடுவது. வெளியே விடும் மூச்சில் ஒட்சிசன் 16, 17தான் இருக்கும், அலாரம் அடிக்க வேண்டும். ஒட்சிசன் சென்சர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. மற்ற மூன்றுக்கும் இல்லை.

காபன் மொனொக்சைட் சென்சர் மட்டும் என்னை ஒரு நாளும் ஏமாற்றவில்லை. எங்கள் தொழிலில் ஆளைக் கொல்கிறதும் எஞ்சின் புகையில் வருகிற அந்த வாயுதான்.

பெற்றோலில் ஓடுகிற தண்ணீர்ப் பம்ப் மேலே இருந்து தண்ணீரை உறிஞ்சுவதற்கு ஒரு எல்லை உண்டு. நடைமுறையில் 25 அடிக்குக் கீழே போனால் இழுக்காது. அப்போது ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பலகை கட்டி, பம்பையே கிணற்றுக்குள் இறக்கி, அங்கே வைத்து ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். குழிக்குள் ஓடுகிற எஞ்சின் எவ்வளவு செய்யும் என்பதற்கு இத்தாலியில் பல்வானோ என்ற ஊரின் சுரங்கத்தை டோகாவில் வகுப்பில் சொன்னார்கள். 1944 மார்ச் 3ஆம் தேதி, நீராவி எஞ்சின் இழுத்த சரக்கு ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. மட்டமான நிலக்கரி, எஞ்சின் புகை உள்ளேயே. களவாக ஏறி வந்த சனம் ஐந்நூறு பேருக்கு மேல், மோதல் இல்லை, தீ இல்லை, பெரும்பாலும் இருந்த இருப்பிலேயே முடிந்தது. காபன் மொனொக்சைட் இரத்தத்தில் ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். முதலில் லேசான தலையிடி, அப்புறம் கால் சொல்வழி கேட்காது. ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் போகும்போது ஜன்னலால் டீசல் புகை அடித்து, பிள்ளைகள் ஊளையிட்டுக் கத்துவார்களே, அந்த இரண்டு நிமிடத்துக்கு அது விளையாட்டு.

நாங்கள் பம்பை ஒரு நாளும் உள்ளே இறக்குவதில்லை, மின்சார நீர்மூழ்கிப் பம்ப்தான். ஆனால் ஜெனரேட்டர் மேலே நிற்கும். செல்வநாயகபுரத்தில் ஒரு கிணறு, ஜெனரேட்டரை வாயிலிருந்து ஆறு அடி தள்ளி வைத்திருந்தோம். காலையில் காபன் மொனொக்சைட் 0. பதினொரு மணிக்குக் கடல் காற்றுத் திரும்பியது. பத்தடி ஆழத்தில் 22, பிறகு 41, பிறகு 63. அலாரம் 35இலேயே அடித்திருக்கும், பத்து லட்சம் பங்கில் 35 பங்கு. ஆனால் ஜெனரேட்டர் சத்தத்தில் மேலே நின்ற எனக்குக் கேட்கவில்லை. கையில் அதிர்ந்தபோதுதான் பார்த்தேன். பொடியனை ஏற்றிவிட்டு, ஜெனரேட்டரை வேலிக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனோம். ‘90 டெசிபல்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கீழே வேலை செய்கிறவனின் சட்டையில் கொழுவினால் அதிர்வு தெரியும், அதுதான் ஒழுங்கு.

இன்னொரு சின்னக் கொடுமை, ‘பூச்சியம் வைக்கிற’ பொத்தான். சுத்தக் காற்றில் நின்று அதை அமுக்கினால் மீற்றர் அந்தக் காற்றை நல்லது என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் பொடியன் ஒரு நாள் ஓடுகிற ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று அமுக்கிவிட்டான். அதற்குப் பிறகு புகையே நல்ல காற்று, நல்ல காற்றில் எண் கழித்தல் குறியோடு. இப்போது அந்தப் பொத்தானுக்கு இரகசிய எண் போட்டிருக்கிறேன், என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

மலக்குழியில் இது காட்டுகிற வேகம் பயமாக இருக்கும். சும்மா கிடக்கும்போது ஐதரசன் சல்பைட் 2. தடியால் ஒரு தரம் கலக்கின கையோடு 48. சேற்றுக்குள் அடைபட்டிருந்தது அவ்வளவும் ஒரே மூச்சில் வெளியே. கூழ் முட்டை நாற்றம் வந்தால் விளங்கும்தானே என்பார்கள். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிடும், ஆள் போய்விட்டது என்று நினைப்பான். இதனால் மலக்குழிக்குள் ஆள் இறங்குகிற வேலையையே விட்டோம். மலக்குழியை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசர் லொறியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவோம். காசு நட்டம்தான்.

வெயிலில் திரை தெரியாது. திருகோணமலை வெயிலில் தொப்பியைக் கழற்றி மேலே பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். ரியூப் தண்ணீரைத் தொட்டால் பம்ப் அடைத்துக்கொள்ளும், நுனியில் உள்ள வடிகட்டியைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். உதிரி வடிகட்டி ஐந்து சேர்த்து வாங்குங்கள். இருபது அடி ரியூப்பால் காற்று வந்து சேர்ந்து எண் நிலைக்க இரண்டு நிமிடம் முழுசாக வேண்டும், அந்தப் பொறுமை இல்லாதவர் கையில் இது விளையாட்டுச் சாமான். சார்ஜ் ஒரு முழு வேலை நாளுக்குப் போதும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒட்சிசன் சென்சரின் ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு வருடம், பெட்டியிலேயே கிடந்தாலும் தேயும். வாங்கும்போது தயாரித்த திகதியைக் கேளுங்கள்.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது, மீற்றரா விசிறியா என்று கேட்டால், விசிறி. தயங்காமல் சொல்வேன். மீற்றர் காற்றைப் பார்க்கும், திருத்தாது. 12 அங்குல விசிறியும் பதினைந்து அடித் துணிக்குழாயும் எனக்கு 24,000 ரூபாவுக்கு வந்தது. பாலையூற்றில் அந்த 15.6 அன்றைக்கு அதை ஓடவிட்டோம். குழாயின் நுனி தண்ணீருக்கு நாலடி மேலே வரைக்கும் போக வேண்டும், வாயிலிருந்து ஊதினால் மேல் பாதி மட்டும்தான் மாறும், பம்ப் குழியில் நான் கண்ட அதே கதை. இருபது நிமிடத்தில் அடியில் 20.8. விசிறியை நிறுத்தாமல்தான் ஆள் இறங்கினான்.

விசிறியின் வாயை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதும் காரியம். ஜெனரேட்டர் பக்கம் வைத்தால் புகையை நாமே உள்ளே அனுப்புகிறோம். புகை எந்தப் பக்கம் போகிறது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு கதை: 1995 ஒக்டோபர் 28இல் அசர்பைஜானின் பாகு நகரத்து மெட்ரோவில் உல்டூஸ், நரிமானோவ் நிலையங்களுக்கு நடுவில் ரயில் தீப்பிடித்து நின்றதில் 289 பேர் போனார்கள், அநேகமாக எல்லாரும் புகையாலும் காபன் மொனொக்சைட்டாலும். மெட்ரோக்களின் பெரிய விசிறிகள் இரண்டு பக்கமும் சுழலக்கூடியவை. எந்த நுனியில் ஊதுவது, எந்த நுனியில் இழுப்பது என்று கட்டுப்பாட்டு அறையில் தீர்மானிக்க வேண்டும். நடந்து வெளியேறுகிற சனத்தின் முகத்தில் நல்ல காற்று அடிக்க வேண்டும், புகை முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். எங்கள் கிணற்றடியில் கட்டுப்பாட்டு அறை என்பது நானும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும். மணலை ஒரு பிடி எடுத்துத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் விசிறியை வைப்பேன்.

ஆகவே ஐந்துக்கு மூன்றரை. கிணறு, தாங்கி, மீன்பிடிப் படகின் அடித்தட்டு என்று மூடின இடத்தில் வேலை எடுக்கிற எவரும் வாங்கலாம். சீனக்குடாவில் பழைய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றனவே, அந்த மாதிரிப் பூட்டிக் கிடக்கிற இரும்புத் தாங்கிக்குள் எண்ணெய் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் துருவே ஒட்சிசனைத் தின்றுவிடும், அங்கேயும் இது உதவும். வீட்டுக் கிணற்றை வருடத்துக்கு ஒரு தரம் இறைக்கிறவர் வாங்க வேண்டாம், மீற்றர் வைத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டால் போதும். காபனீரொட்சைட்டும் சேர்த்து ஐந்து வாயு காட்டுகிற மொடல் இருக்கிறது, விலை இரட்டிப்பு. அடுத்தது அதுதான்.

பரிசோதனை வாயுச் சிலிண்டர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யாரிடமாவது இருந்தால் கீழே சொல்லுங்கள். அடுத்த மாதம் தம்பலகாமத்தில் மூன்று கிணறு பேசியிருக்கிறோம், ஒன்று பதினொரு வருடமாக மூடியிருக்கிறதாம்.